பூட்டிய கோயிலுக்கு வண்டி ஓட்டியவன்

பெரிய மனிதர்களுக்குக் கார் ஓட்டும் தொழிலில் கண் ரோட்டில் இருக்க வேண்டும், காது பின்சீட்டில் இருக்க வேண்டும், வாயை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஸ்டியரிங் பிடித்து வயிறு வளர்த்த என் சகோதரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முதலாளி வண்டியோ, டாக்டர் வண்டியோ, தாசில்தார் வண்டியோ, எல்லாருக்கும் பாடு ஒன்றுதான். நான் ஓட்டியது மேற்றிராணியார் வண்டி, அதாவது பிஷப் வண்டி.

நம் தென் தாலுகாக்கள் திருவிதாங்கூர் பக்கம் கிடந்து, சென்னையோடு சேருவோமா மாட்டோமா என்று தவித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் மேற்றிராணியார் பிறகு வடக்கே ஒரு பெரிய நகரத்துக்கு அதிமேற்றிராணியாராகப் போனார். அப்புறம் ரோமாபுரியில் சிவப்புத் தொப்பி வாங்கிக் கர்தினாலும் ஆனார். பேப்பரில் படம் வந்தபோது பார்த்தவர்கள் எல்லாம் "என்ன ஒரு சாந்தமான முகம்!" என்றார்கள். சாந்தமாம்! அந்த முகத்தைப் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து உள்ளங்கை வேர்த்தவன் நான். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை, அது மரியாதைக்காக. கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயரையும் எழுதப்போவதில்லை, அது பயத்துக்காக. அங்கே இன்னும் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கையில் துடுப்பும் இருக்கிறது.

எண்ணெய்க் கையோடு முதல் நாள்

மேற்றிராணியாரைப் பார்த்தால் முழங்காலிட்டு அவர் விரலில் இருக்கும் மோதிரத்தை முத்தி செய்ய வேண்டும், அதாவது முத்தமிட வேண்டும். 'ஆண்டவரே' என்று கூப்பிட வேண்டும். இது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போன கறுப்பு வண்டி கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஹாண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி என் கையெல்லாம் கரி, மூக்கைத் துடைத்ததில் மூக்கிலும் கரி. அந்த நேரம் பார்த்து அவர் படியிறங்கி வந்து மோதிரத்தை நீட்டினார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். கை தப்பித்தது, மூக்கு மாட்டிக்கொண்டது. மோதிரத்தின் கல்லில் ஒரு கறுப்புத் தீற்று.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கைக்குட்டையால் கல்லைத் துடைத்தார். பிறகு அதே இடத்தில், அதே உயரத்தில் மோதிரத்தை மறுபடியும் நீட்டினார். நான் சட்டையில் மூக்கைத் தேய்த்துவிட்டு மறுபடியும் முத்தி செய்தேன். கல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். அரண்மனைக் குசினியில் சமைக்கிற வேதமுத்து அண்ணன் சன்னல் வழியாக இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்றிராணியார் வீட்டை நாங்கள் அரண்மனை என்றுதான் சொல்வோம். சாயங்காலம் எனக்குப் பால் இல்லாத கட்டன்சாயா ஊற்றிக் கொடுத்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: "மக்கா, இவரு ஒண்ணு நெனச்சா அது நடக்குதது வரைக்கும் கைய மடக்க மாட்டாரு. பாவத்த மன்னிக்குதது வேற, இது வேற."

திரும்பி வந்த பெட்டி

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து எங்கள் ஊர்ப் பங்குச் சாமியாரை மாற்றி உத்தரவு போனது. ஊருக்கு அவர்மேல் உயிர். புயலில் கட்டுமரம் திரும்பாத நாளில் எங்களோடு கரையில் நின்று அழுதவர் அவர். ஆனாலும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பேசாமல் போய்விட்டார். புதுச் சாமியார் மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது ஊர் எல்லையில் ஆட்கள் நின்றார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவருடைய டிரங்குப் பெட்டியை மட்டும் அதே மாட்டுவண்டியில் தூக்கி வைத்து மாட்டைத் திருப்பிவிட்டார்கள். பெட்டிக்குள் பூசை உடுப்பு இருந்தது. பெட்டியும் சாமியாரும் அரண்மனை முற்றத்துக்கு வந்து சேர்ந்ததும் மேற்றிராணியார் சொன்னது இரண்டே வார்த்தை: "வண்டியை எடு."

நான் பிறந்த ஊருக்கு அவரைக் கொண்டுபோனேன். எல்லையில் ஊர்த் தலைவர் சூசை மாமாவும் ஆண்களும் கையைக் கட்டி நின்றார்கள். அவர் இறங்கி மோதிரத்தை நீட்டினார். ஒருவர்கூடக் குனியவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் அவர் நேராகக் கோயிலுக்கு நடந்தார். பூசையில் அர்ச்சித்த நற்கருணை அப்பத்தைப் பீடத்துப் பேழையிலிருந்து எடுத்தார், விளக்கை அணைத்தார், கதவைப் பூட்டினார், சாவியை என் கையில் கொடுத்து வண்டிப் பெட்டிக்குள் போடச் சொன்னார். ஊர் எல்லையில் மோதிரத்தை முத்தி செய்து மன்னிப்புக் கேட்டால்தான் கோயில் திறக்கும் என்றார். கோயிலைத் திறந்தால் பீடத்துக்கு முன்னால் முத்தி செய்வோம், ரோட்டில் செய்ய மாட்டோம் என்றார் சூசை மாமா. அவ்வளவுதான் தகராறு. வண்டியைத் திருப்பும்போது மாமா என் பக்கத்துக் கண்ணாடியருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மிக்கேலு, பாத்துத் திருப்பு லேய். ஒனக்க ஊரும் இதுதான்."

நின்றுபோன மூன்றாம் ஓலை

இப்போது என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் மூன்று தடவை கேட்பார். என் தங்கை பிலோமினாவுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளை இரண்டு ஊர் தள்ளி இருக்கிற பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான பையன். அவர்கள் ஊரில் மூன்று ஓலையும் முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டிய வாரம்தான் கோயிலுக்குப் பூட்டு விழுந்தது.

வேறு கோயிலில் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பூட்டின ஊர்க்காரர்களுக்கு அக்கம்பக்கத்துச் சாமியார்கள் யாரும் எதுவும் செய்யக்கூடாது என்று மேற்றிராணியார் உத்தரவு. வேறு கோயிலுக்குப் போகிற குடும்பத்துக்கு ஊரில் தண்ணி இல்லை, வலையில் பங்கு இல்லை என்று ஊரின் உத்தரவு. விபூதிப் புதன் வந்துவிட்டால் தவக்காலம், உயிர்த்த ஞாயிறு வரை கல்யாணம் கிடையாது. பிலோமினாவுக்கு இதற்கு முன்பே ஒரு சம்பந்தம் பேசி முறிந்திருந்தது. இதுவும் முறிந்தால் அவளை யார் கேட்டு வருவார்கள்? மாப்பிள்ளையின் அம்மா சவரியம்மா ஒருநாள் வீடு தேடி வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "எனக்க மவனுக்கு வேற எடம் பாக்கேன்னு நான் சொல்லேல்ல. விவூதிப் பொதன் வரைக்கும் பாக்கேன்னுதான் சொல்லுதேன்."

மறியலுக்கு நடுவே ஜெபம்

இதற்கிடையில் ஒருநாள் தக்கலை பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது ரோட்டில் கூட்டம் மறித்தது. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போகிறவர்கள். அவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து மாதங்கள் ஆகியும் சூடு ஆறாத நேரம். போலீஸ் வண்டியோ என்று கல்லோடு ஓடிவந்தவர்கள் உள்ளே அங்கியைப் பார்த்ததும் கல்லைக் கீழே போட்டார்கள். ஆனால் வழிவிடவில்லை. "தமிழ்நாடு வாழ்கன்னு சொல்லிட்டுப் போங்க சாமி" என்றார்கள். மேற்றிராணியார் சன்னல் கண்ணாடியை இறக்கினார். "என் மக்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நான் எந்தக் கோஷமும் போட மாட்டேன்" என்றார். அவர் வெளியூர்க்காரர், பேச்சு புத்தகத்தில் இருப்பது போல இருக்கும். கூட்டம் பானெட்டைத் தட்ட ஆரம்பித்தது.

அவர் ஜெபப் புத்தகத்தை எடுத்து விரித்தார். உதடு அசைய வாசிக்கத் தொடங்கினார். ஜெபம் செய்கிற மனிதருக்குப் பக்கத்தில் நின்று கத்த முடியுமா? ஒருவர் கத்தினார், இன்னொருவர் "சும்மா கெட லேய்" என்று அவரை அடக்கினார். வெயில் ஏறியது, தார் இளகியது, அவர் பக்கம் புரட்டிக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கூட்டத்தின் பயம் போய் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இப்படி உட்காரத் தெரிந்த மனிதருக்கு எங்கள் ஊரெல்லாம் எம்மாத்திரம், இவர் உட்கார்ந்தே விபூதிப் புதனைத் தாண்டிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் கூட்டத்தில் பெரியவராக இருந்தவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்: "போய்ச் சேருங்க சாமி, நீங்க இஞ்ச இருந்தா எங்களுக்குக் கோஷம் போடவும் பற்றல, வீட்டுக்குப் போகவும் பற்றல."

மீன் வராத குசினி

எங்கள் ஊர் இன்னொரு வேலையும் செய்தது. அரண்மனைக் குசினிக்கு மீன் கொடுப்பதை நிறுத்தியது. பக்கத்து ஊர்க்காரர்களும் எதற்கு வம்பு என்று கூடையை மூடிக்கொண்டு போனார்கள். சாளைமீன் புளிமுளக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத மனிதருக்கு வேதமுத்து அண்ணன் தினமும் சீனியவரைக்காய் வைத்தார். அவரும் ஒன்றும் கேட்காமல் தின்றார். "கேளு லேய், தங்கச்சி காரியத்தக் கேளு. ஒனக்கு ஒருத்தனுக்கு மட்டும் உத்தரவு குடுத்தா போதும்லா" என்று அண்ணன் என்னைப் பிடுங்கி எடுத்தார். நானும் பலமுறை தொண்டையைச் செருமினேன். கண்ணாடியில் அந்தக் கண்கள் என்னைப் பார்க்கும். நான் கியரை மாற்றிக்கொள்வேன்.

சரி, அடுத்த நாள் கேட்டே விடுவது என்று முடிவு செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பூட்டிய கதவுக்கு முன்னால் மணலில் முழங்காலிட்டு ஊரே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பாதிப் பேர் முகத்தைத் திருப்பினார்கள். ஜெபம் முடிந்ததும் பிலோமினாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், கண் நிறைந்து நின்றாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "கேக்காத அண்ணேன். ஊருக்கெல்லாம் பூட்டிக் கெடக்க கோயிலு எனக்கு மட்டும் தொறந்தா, நான் எந்த மொகத்த வச்சிட்டு உள்ள போவேன்?"

மயிலாடியில் கேட்ட செய்தி

தவக்காலத்துக்கு முந்தின கடைசி வாரம். வியாழக்கிழமை காலையில் சாப்பிட்டுவிட்டு மேற்றிராணியார் மயிலாடிக்குப் புறப்பட்டார். புதிதாகக் கட்டுகிற ஒரு கோயிலுக்கு அங்கே பீடக்கல் கொத்திக்கொண்டிருந்தார்கள். அவர் சிற்பிகளிடம் பேசிக்கொண்டிருந்தபோது, மீன்கூடையோடு வந்த எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வண்டியைப் பார்த்து நின்றாள். சூசை மாமாவின் அண்ணன் கபிரியேல் சாகக் கிடக்கிறார் என்றாள். சாகிறவருக்கு அவஸ்தை எண்ணெய் பூசி, நன்மை என்று நாங்கள் சொல்கிற நற்கருணை அப்பம் கொடுக்கச் சாமியாருக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, போய்க் கெஞ்ச வேண்டாம் என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டார்களாம். கபிரியேல் மாமாதான் எனக்கு நீந்தச் சொல்லித் தந்தவர். பாவத்துக்கு மன்னிப்பில்லாமல், நாக்கில் நன்மை வைக்காமல் அவர் போவதா? எனக்கு ஆத்திரம் ஊர்மேலும் வந்தது, பின்சீட்டின்மேலும் வந்தது.

நாகர்கோவில் வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினேன். வேலை போனால் போகட்டும். "ஆண்டவரே, எங்க ஊருல ஒருத்தரு சாகக் கெடக்காரு."

"உன்னை யார் அனுப்பியது?"

"யாரும் அனுப்பல்ல. அனுப்பவும் மாட்டாங்க. நன்ம வாங்காமச் சாகப்பிடாது ஆண்டவரே."

தங்கையின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சாகிற மனிதரோடு அதைச் சேர்த்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. "அரண்மனைக்கு ஓட்டு" என்றார் மேற்றிராணியார். அவ்வளவுதான், மனிதருக்கு இரக்கமே இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அரண்மனையில் இறங்கி நேராகச் சிற்றாலயத்துக்குள் போனார். வெளியே வரும்போது கழுத்தில் நற்கருணைச் சிமிழ் தொங்கியது, கை அதை மூடியிருந்தது. பின்னாலேயே வேதமுத்து அண்ணன் சின்ன மணியும் மெழுகுதிரியுமாக ஓடிவந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டு காதில் சொன்னார்: "நன்மையோட போறப்ப அவரு வழியில யாருட்டயும் பேச மாட்டாரு. நீயும் வாயத் தொறக்காத. ஓட்டு."

ஊர் எல்லையில்

எல்லையில் ரோட்டின் குறுக்கே தென்னந்தடி கிடந்தது. அதற்குப் பின்னால் துடுப்போடு இளவட்டங்கள், நடுவில் சூசை மாமா. வண்டியைக் கண்டதும் துடுப்புகள் உயர்ந்தன. நான் நிறுத்தினேன். ஒரு துடுப்பு கண்ணாடிமேல் விழுந்தாலும் ஆச்சரியமில்லை. அப்போது அண்ணன் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி மணியை அடித்தார். நோயாளிக்கு நன்மை போகிற மணி. அதைக் கேட்டால் வலை இழுக்கிறவன்கூடக் கயிற்றை விட்டுவிட்டு முழங்காலிட வேண்டும். அங்கே நின்ற யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துடுப்புகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. ஒவ்வொருவராக ரோட்டில் முழங்காலிட்டார்கள். சூசை மாமா மட்டும் நின்றார். மணி மறுபடியும் அடித்தது. மாமாவும் முழங்காலிட்டார். பிறகு முழங்காலில் இருந்தபடியே நாலு பேர் தென்னந்தடியை உருட்டிவிட்டார்கள்.

அங்கிருந்து பாதை மணல். நான் பதற்றத்தில் வேகத்தைக் குறைக்க, பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. வேண்டுமென்றே இறக்கினேன் என்று இன்றைக்கும் டிரைவர் சகோதரர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். சத்தியமாக இல்லை, அன்றைக்கு எனக்கு அவ்வளவு மூளை வேலை செய்யவில்லை. அவர் பேசாமல் இறங்கி, கொதிக்கிற மணலில் நடந்தார். நன்மைக்கு மேலே குடை பிடிக்க வேண்டும் என்பது முறை. கோயிலின் பட்டுக்குடையோ பூட்டிய கதவுக்கு உள்ளே. சூசை மாமா ஓடிப்போய்த் தன் கறுப்புக் குடையை எடுத்துவந்து விரித்து, அவருக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். என்னைத் தாண்டும்போது பல்லிடுக்கில் சொன்னார்: "நன்மைக்குத்தான் கொடை பிடிக்கேன், ஒனக்க மேற்றிராணியாருக்கு இல்ல. அத அவருகிட்ட பெறவு சொல்லு."

மிச்சமிருந்த ஒன்று

கபிரியேல் மாமா கண்ணைத் திறந்து பார்த்தார். மேற்றிராணியார் அவஸ்தை பூசினார். நன்மை வாங்கிக்கொண்டார். குடிசைக்கு வெளியே ஊரே மணலில் முழங்காலில் இருந்தது. மேற்றிராணியார் வாசலுக்கு வந்து சிமிழை மறுபடியும் திறந்து பார்த்தார். பிறகு சூசை மாமாவைப் பார்த்து, பூட்டுப் போட்ட நாளுக்குப் பின் முதல் வார்த்தை பேசினார்: "இன்னும் ஒன்று இருக்கிறது."

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நற்கருணையைக் கண்ட இடத்தில் வைக்க முடியாது, பேழையில்தான் வைக்க வேண்டும். அவரே உட்கொள்ளலாம் என்றால், அந்தக் காலத்தில் சாப்பிட்டவர் நன்மை வாங்கக்கூடாது, அவரோ காலையில் சாப்பிட்டவர். திருப்பிக் கொண்டுபோகலாம் என்றால் வண்டி அச்சு வரை மணலில். ஊரில் பேழை இருக்கிற இடம் ஒன்றுதான். அவர் என் பக்கம் கையை நீட்டினார். நான் ஓடிப்போய் வண்டிப் பெட்டியிலிருந்த கோயில் சாவியை எடுத்துவந்தேன். கதவு திறந்தபோது வௌவால் நாற்றம் அடித்தது. பெண்கள் ஓவென்று அழுதார்கள். நான் ஆண்பிள்ளை என்பதை மறந்து நானும் அழுதேன். பேழையில் நற்கருணையை வைத்து விளக்கை ஏற்றியபின் அவர் பீடத்துக்கு முன்னால் திரும்பி நின்றார். மோதிரத்தை நீட்டவில்லை. கை சும்மா பக்கத்தில் தொங்கியது. சூசை மாமா போய், அந்தக் கையைத் தானே எடுத்து முத்தி செய்தார். பிறகு ஊரே வரிசையில் வந்தது. ஊர் எல்லை ரோட்டில் முழங்காலிட்டதை மேற்றிராணியார் பார்த்தார், கோயிலுக்குள் முத்தி செய்ததை ஊரார் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் கபிரியேல் மாமா இறந்தார், துக்கமணி கடல்வரை கேட்டது. வண்டியை மணலிலிருந்து தூக்க வந்த சூசை மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் துக்கத்திலும் விடாமல் சொன்னார்: "கோயிலுக்கு உள்ளவச்சுத்தான் முத்தி செய்தோம் மிக்கேலு. நாளைக்கு யாராவது மாத்திச் சொன்னா நீ சாட்சி."

ஒரு இருமல்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவரே வந்தார், புதுச் சாமியாரையும் கூட்டிக்கொண்டு. டிரங்குப் பெட்டியை இந்தத் தடவை இளவட்டங்களே இறக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். பூசைக்கு நடுவில் அவர் மக்கள் பக்கம் திரும்பி ஓலை வாசித்தார். வாசித்தார் என்றா சொன்னேன்? கையில் காகிதமே இல்லை. என் தங்கை பெயர், எங்கள் அப்பா பெயர், மாப்பிள்ளை பெயர், அவர் ஊர், மூன்றாம் ஓலை என்று பார்க்காமலே சொன்னார். நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. வேதமுத்து அண்ணனும் சொல்லவில்லை என்று சிலுவைமேல் சத்தியம் செய்கிறார்.

"தடை ஏதும் அறிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று சொல்லி நிறுத்தினார். அவர் நிறுத்தினால் எப்படி நிறுத்துவார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து, கோயில் திறந்தது கேள்விப்பட்டு வந்திருந்த சவரியம்மா செருமி இருமினார். ஊரே திரும்பியது. பிலோமினாவின் தலை குனிந்துபோனது. மேற்றிராணியார் அந்த அம்மாவையே பார்த்தார். சவரியம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கோயில் என்றும் பாராமல் உரக்கச் சொன்னார்: "இருமுனேன், அவ்வளவுதான். கெழவி இருமக்கூடப் பிடாதா? கல்யாணத்த நாளைக்கே வைங்க!"

திருநெல்வேலி போகும் வழியில்

மறுநாள் கல்யாணம் நடந்தது. விபூதிப் புதனன்று பிலோமினா புருஷன் வீட்டில் இருந்தாள். அடுத்த வருடம் எங்கள் தாலுகாக்கள் சென்னையோடு சேர்ந்த சமயத்தில் மேற்றிராணியாருக்கு வடக்கே மாற்றல் வந்தது. ரயிலேற்ற அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது. இனி என்ன, வேலை போனாலும் போகட்டும் என்று இரண்டாம் தடவையாக வாயைத் திறந்தேன். ஒரு நோயாளிக்கு நன்மை கொண்டுபோகிற அவசரத்தில் கணக்குத் தப்பி இரண்டு அப்பத்தை எடுத்துவிட்டீர்களா ஆண்டவரே என்று கேட்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் சிரிப்பதை அன்றுதான் பார்க்கிறேன். என் தங்கையின் ஓலை நின்றுபோனது கோயிலைப் பூட்டிய அன்றே, எங்கள் ஊரில் வேதம் சொல்லித்தருகிற உபதேசியார் சொல்லி அவருக்குத் தெரியுமாம். ஒவ்வொரு நாளும் நான் தொண்டையைச் செருமும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவானோ என்று அவருக்குப் பயமாக இருந்ததாம். அவருக்குப் பயம்! என்மேல்! நான் காதில் விழுந்ததை நம்ப முடியாமல் வண்டியை மெதுவாக்கினேன். அவர் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ உன் தங்கைக்காகக் கேட்டிருந்தால் நான் முடியாது என்று சொல்லியிருப்பேன், மிக்கேல். சொல்லிவிட்டால் அப்புறம் நானும் உங்கள் ஊர்க்காரன்தான், இறங்க மாட்டேன்."

கர்தினாலாவதற்கு என்னென்ன படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தோற்றுப்போகாமல் இறங்கி வரத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும், அந்த நேரம் பார்த்து மணலில் வண்டியை இறக்க ஒரு முட்டாள் டிரைவர் வேண்டும் என்பதும் மட்டும் தெரியும்.